ஷவலோடு உள்ளே போனவர்

சனிக்கிழமை காலை ரேடியோவில் இரண்டு அறிவிப்புகள் வந்தன.

முதலாவது ஸ்டேடியத்திலிருந்து. நாளைய ஆட்டத்துக்காக இருக்கைகளில் கிடக்கும் பனியை அள்ள ஆட்கள் தேவை. சொந்த ஷவலோடு மூன்றாம் வாசலுக்கு வரலாம். மணிக்கூலி உண்டு, ஒரு டிக்கெட்டும் உண்டு. போர்ட் கேரிக்கில் இது வருஷா வருஷம் நடப்பதுதான். ஏரிக் காற்று பனியைக் கொட்டும், ஊர் போய் அள்ளும், மறுநாள் அள்ளிய இடத்திலேயே உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தும்.

இரண்டாவது ரசிகர் சங்கத்திலிருந்து. ஒருவரும் போகக் கூடாது. அணியையே தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிற முதலாளிக்கு நாம் ஏன் குனிந்து அள்ள வேண்டும்? எல்லாம் புதைந்து கிடக்கட்டும். ஆட்டம் இங்கே நடக்காது, லீக் அதை வேறு ஊருக்கு மாற்றும், நாடு முழுக்க டிவியில் அவன் முகத்தில் கரி.

நார்பெர்ட் டூடெக் இரண்டையும் சமையலறையில் நின்றபடி கேட்டார். முட்டை வெந்துகொண்டிருந்தது. சங்கம் சொல்வது நியாயம் என்றுதான் அவருக்கும் பட்டது. அவரும் சங்கத்தில் உறுப்பினர். முட்டையைத் தின்று, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கராஜுக்குப் போய் ஷவலை எடுத்தார்.

ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியான மில்லர்ஸுக்கு இந்த சீசனில் அதுதான் கடைசி ஆட்டம். தெற்கே, பாலைவனத்தில், கூரை போட்ட புது ஸ்டேடியம் கட்டித் தருவதாக ஒரு நகரம் முதலாளிக்கு வாக்குக் கொடுத்திருந்தது. அணி அங்கே போகலாமா என்று மற்ற அணிகளின் முதலாளிகள் மார்ச்சில் கூடி வாக்களிப்பார்கள். அங்கே பனி கிடையாது. பனி அள்ளக் கூப்பிடத் தேவையிருக்காது.

நார்பெர்ட் மாவு மில்லில் மூட்டை ஏற்றுகிற பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சீசன் டிக்கெட் வாங்கியது கல்யாணமான புதிதில், இரண்டாக. லொரெய்ன் இரண்டு சீசன் வந்தாள். குளிரும் கத்தலும் பிடிக்கவில்லை என்றாள். பிறகு மற்றதும் பிடிக்கவில்லை என்று ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டாள். அவளுடைய இருக்கையை நார்பெர்ட் விட்டுக்கொடுத்தார். அடுத்த ஆகஸ்ட்டில் அதில் ஆரஞ்சுத் தொப்பியோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். "கால நகத்து. நான் டார்லீன்," என்றாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். நடைவழி ஓரத்து இருக்கை அவளுடையது, நடுவில் நார்பெர்ட், அந்தப் பக்கம் தபால்காரன் கிளே. அது பதினேழு வருஷத்துக்கு முந்தைய கதை.

டார்லீனின் பித்தப்பை எப்போது எடுக்கப்பட்டது என்று நார்பெர்ட்டுக்குத் தெரியும். கிளேயின் மகன் கடற்படையிலிருந்து திரும்பி வேலை கிடைக்காமல் இருந்தது தெரியும். அவள் பெரிய பிளாஸ்கில் பட்டாணி சூப் கொண்டுவருவாள், கிளே காதில் சின்ன ரேடியோவை மாட்டிக்கொண்டு கண்ணெதிரே நடந்ததையே திரும்பச் சொல்வான், நார்பெர்ட் வறுத்த கடலை உடைத்து இரண்டு பக்கமும் நீட்டுவார். வருஷத்தில் பத்து ஞாயிறு. மற்ற நாட்களில் அவர் வாயைத் திறப்பது பெரும்பாலும் மளிகைக் கடையில் "பை வேண்டாம்" என்று சொல்வதற்குத்தான்.

அவர்கள் வீடு எங்கே என்று அவருக்குத் தெரியாது. கேட்க வேண்டிய அவசியம் வந்ததில்லை. ஜனவரியில் "ஆகஸ்ட்ல பாப்போம்" என்று சொல்லிப் பிரிவார்கள், ஆகஸ்ட்டில் அவர்கள் அங்கே இருப்பார்கள்.

இந்த வருஷம் அணி போகப்போகிற செய்தி வந்ததும் டார்லீன் ஒரு சட்டம் போட்டாள். "இந்த வரிசைல ஒருத்தரும் அந்தப் பேச்சு எடுக்கக் கூடாது. 'போயிட்டா'ன்னு ஆரம்பிச்சீங்க, அடுத்த பந்துக்கு மைதானத்துக்கு முதுகு காட்டி நிக்கணும்." அக்டோபரில் கிளே வாய் தவறிச் சொல்லி, முதுகு காட்டி நின்றான். சீசனிலேயே நீளமான ஓட்டம் ஓடி மில்லர்ஸ் டச்டவுன் போட்டது அந்தப் பந்தில்தான். அதற்குப் பிறகு ஒருவரும் வாய் தவறவில்லை.

ஆகவே உன் வீடு எங்கே, போன் நம்பர் என்ன என்று நார்பெர்ட்டால் கேட்க முடியவில்லை. கேட்டால் அந்தப் பேச்சை எடுத்த மாதிரிதான். கடைசி ஆட்டத்தில், கடைசி நிமிஷத்தில், அவள் பிளாஸ்கை மூடும்போது கேட்டுவிடுவது என்று நவம்பரிலிருந்தே நினைத்து வைத்திருந்தார். அதற்கு ஆட்டம் நடந்தாக வேண்டும்.

மூன்றாம் வாசலில் சங்கத்து ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் எதிர்ப்பு அட்டை பிடித்து நின்றார்கள். வேலைக்கு வந்தவர்கள் அதைவிடக் குறைவு. நார்பெர்ட் குனிந்த தலை நிமிராமல் நடந்தார்.

"யோவ் நார்ப்!"

அந்தக் குரலை அவர் எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடுவார். ஆளைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு நொடி ஆனது. டார்லீனை அவர் எப்போதும் பக்கவாட்டில்தான் பார்த்திருக்கிறார். நேர் எதிரே, நின்ற நிலையில், அவள் இவ்வளவு குள்ளம் என்று தெரியாது. துடைப்பக் கம்பில் ஆணி அடித்த பலகை ஒன்றைப் பிடித்திருந்தாள். *நாங்க இங்கதான் இருப்போம். நீ போ.*

"கையில என்னது?"

"ஷவல்."

"அது தெரியுது. சூப்பு குடிக்கவா கொண்டுவந்தே?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு தாடிக்காரர், "வீட்டு வாசல்ல பனி தீந்துபோச்சாட்டம் இருக்கு," என்றார்.

"நீ சும்மா இரு மார்ட்டி. இது எங்க வரிசை ஆளு, நான் கேட்டுக்கறேன்." டார்லீன் குரலைத் தாழ்த்தினாள். "ரேடியோ கேக்கலியா நீ?"

"கேட்டேன்."

"கேட்டுட்டுமா வந்தே?"

அவரிடம் பதில் இருந்தது. நாளைக்கு ஆட்டம் நடக்கலைன்னா உங்களையெல்லாம் பாக்க முடியாது. அவ்வளவுதான். அதைச் சொல்லக்கூடத் தேவையில்லை. அவள் எதிரிலேயே நிற்கிறாள், நம்பரை இங்கேயே கேட்டுவிடலாம், ஷவலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். மார்ட்டி பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறுபத்து மூன்று வயதில் ஒரு ஆள் வாசலில் நின்று, எனக்கு வேறு யாரும் இல்லை என்று எப்படிச் சொல்வது.

"காசு குடுக்கறாங்கல்ல," என்றார்.

"காசா?"

"மணிக்கூலி. டிக்கெட்டு வேற."

"உங்கிட்டதான் சீசன் டிக்கெட்டு இருக்கே."

அதை அவர் யோசித்திருக்கவில்லை.

"மில்லு பென்ஷன் பத்தலன்னா சொல்லியிருக்கலாமே," என்றார் மார்ட்டி. "தொப்பியக் கழட்டி நாங்களே வசூல் பண்ணிருப்போம்."

டார்லீன் சிரிக்கவில்லை. பலகையைச் சாய்த்து வழி விட்டாள். "போ. போய் சம்பாதி."

உள்ளே வெளியூரிலிருந்து பஸ்ஸில் அழைத்துவரப்பட்ட ஆட்கள் இருந்தார்கள். இருந்தும் பாதி ஸ்டேடியத்துக்குத்தான் போதும். மீதி இருக்கைப் பிரிவுகளை அப்படியே கயிறு கட்டி மூடிவிடப் போவதாக மேஸ்திரி சொன்னான். மூடும் பிரிவுகளில் நார்பெர்ட்டின் பிரிவும் ஒன்று. அவரை எதிர்ப்பக்கம் அனுப்பினார்கள். அள்ளிய பனியைச் சறுக்குப் பலகையில் தள்ள, அது வரிசை வரிசையாக இறங்கி மைதானத்து ஓரத்தில் போய் விழுந்தது. மற்ற வருஷங்களில் அந்தச் சறுக்கில் யாராவது ஒருவன் குடித்துவிட்டு உட்கார்ந்து வழுக்கிக்கொண்டு போவான், மொத்த ஸ்டேடியமும் கைதட்டும். இன்று பேச்சுச் சத்தமே இல்லை. ஷவல்கள் தகரத்தில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அவர் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு தன் பிரிவுக்குப் போனார். கயிற்றைத் தாண்டிப் படிகளை ஒவ்வொன்றாகக் கண்டெடுத்து இறங்கினார். இடுப்பளவு பனி. மேலே மாவு மாதிரி, அதற்குக் கீழே அடை மாதிரி, அடியில் பெஞ்சோடு ஒட்டிய ஐஸ். முதலில் டார்லீனின் இடம். ஐஸை ஷவலின் முனையால் சுரண்டினால் பெஞ்சு கீறும் என்று கையுறையைக் கழற்றி, உள்ளங்கையை வைத்து இளக்கி எடுத்தார். பிறகு தன்னுடையது. காலடியில், ஐஸுக்குள், போன ஆட்டத்தில் தின்ற கடலைத் தோல் அப்படியே இருந்தது. பிறகு கிளேயுடையது.

மேஸ்திரி எதிர்ப்பக்கத்திலிருந்து கத்தினான். "யோவ், அங்க என்ன பண்றே? அந்தப் பக்கம் மூடியாச்சு!"

"சாப்பாட்டு நேரம்!"

"அப்ப சாப்பிடு!"

"அதான் பண்றேன்!"

சாயங்காலம் கூலி வாங்க எல்லோரும் வரிசையில் நின்றபோது அவர் ஏழாம் வாசல் வழியாக வெளியே போனார். அந்தப் பக்கம் டார்லீன் நிற்க மாட்டாள். அவர் காசு வாங்காமல் போனதைப் பார்க்கவும் அங்கே யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கயிற்றருகே நின்ற காவலாளி, "கீழ வேணுங்கற இடம் காலி, போய் உக்காருங்க," என்றான். நார்பெர்ட் தன் டிக்கெட்டைக் காட்டினார். அவன் தோளைக் குலுக்கிவிட்டுக் கயிற்றைத் தூக்கிப் பிடித்தான்.

வெள்ளையாகக் கிடந்த பிரிவு முழுக்க அந்த ஒரு குழிதான். அதில் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் பனி தோள்மட்டத்துக்கு நின்றது. ஆட்டத்தின் இரண்டாம் கால் பகுதி தொடங்கியபோது கிளே வந்தான்.

"யாருய்யா வெட்டுனது இத?"

"நான்தான்."

"மூணு பேருக்குக் குழி வெட்டியாச்சு. பாதிரியாரு மட்டுந்தான் பாக்கி." உட்கார்ந்து ரேடியோவைக் காதில் மாட்டினான். "அவ மூணாம் வாசல்ல நிக்கறா. வரலியாம்."

"ம்."

"நீ காசுக்கு அள்ளப் போனேன்னு அவ சொன்னா. நான் நம்பல. மிச்ச கடலையக்கூட எங்க கையில கொட்டிட்டுப் போற ஆளு நீ."

"நான்தான் அப்படிச் சொன்னேன்."

"என்னத்துக்கு?"

நார்பெர்ட் மைதானத்தைப் பார்த்தார். "ஆட்டத்தப் பாரு."

மறுபடி பனி விழத் தொடங்கியது. நடைவழி ஓரத்து இருக்கை வெளுத்தது. நார்பெர்ட் கையுறையால் அதைத் துடைத்தார். கடலை உடைத்துக் கிளே பக்கம் நீட்டினார். வலது கையும் பழக்கத்தில் நீண்டது. பிறகு அந்தக் கடலையைத் தானே தின்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி துடைத்தார். கிளே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கிளே. டார்லீனோட முழுப் பேரு என்ன?"

"ஏன், உனக்குத் தெரியாது?"

"தெரியாது."

"பக்கத்துல உக்காந்திருக்கறது நீ. உனக்குத் தெரியும்னுல்ல நான் நெனச்சிருந்தேன்."

அதற்குப் பிறகு காதில் கேட்டதைக் கிளே திரும்பச் சொல்லவில்லை.

அணி தோற்றது. அது ஒன்றும் புதிதில்லை. கிளே எழுந்து கால்சட்டையிலிருந்த பனியைத் தட்டினான். நார்பெர்ட்டும் எழுந்தார். நம்பரை இப்போது கேட்க வேண்டும். கிளே கையுறையைக் கழற்றிக் கையை நீட்டினான். பதினேழு வருஷத்தில் அவர்கள் கைகுலுக்கியது கிடையாது. நார்பெர்ட் அந்தக் கையைப் பிடித்தார்.

"ஆகஸ்ட்ல பாப்போம்," என்றான் கிளே.

அவன் டார்லீனின் சட்டத்தை மீறவில்லை. நார்பெர்ட்டும் மீறவில்லை. "ஆகஸ்ட்ல பாப்போம்."

கிளேயின் முதுகு படிகளில் ஏறிப் போனது. நார்பெர்ட் டார்லீனின் இருக்கையைக் கடைசியாக ஒருமுறை துடைத்துவிட்டு, சுற்று வழியாக மூன்றாம் வாசலுக்கு நடந்தார். காசுக்காக இல்லை என்பதை மட்டுமாவது சொல்லிவிடலாம். அதைச் சொல்லிவிட்டால் மற்றது வந்துவிடும் என்று தோன்றியது.

வாசலில் அவர்கள் யாரும் இல்லை. இடைவேளையிலேயே போலீஸ் அவர்களைக் கலைத்துவிட்டதாக டிக்கெட் கிழிப்பவன் சொன்னான். அட்டைகள் பனிக்குவியலில் கிடந்தன. துடைப்பக் கம்புப் பலகை மட்டும் நேராகக் குத்தி வைக்கப்பட்டிருந்தது. அவளாக நட்டுவிட்டுப் போனது மாதிரி இருந்தது. நார்பெர்ட் அதை இரண்டு கையாலும் ஆட்டிப் பிடுங்கினார்.

கார் நிறுத்துமிடத்தில் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தபோது ஒரு வண்டி ஹார்ன் அடித்தது. பிறகு இன்னொன்று. "அப்படித்தான் பெரியவரே! விட்டுடாதீங்க!" என்று ஜன்னல் வழியே யாரோ கத்தினார்கள். பருமனான ஒரு பெண்மணி வழிமறித்து அவர் தோளில் அறைந்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன.

"உங்கள மாதிரி ஆளுங்க இருக்கறதாலதான் இந்த ஊரு இருக்கு. நேத்து எவனோ ஒருத்தன் சீசன் டிக்கெட்டையும் வச்சுக்கிட்டு, கூலிக்கு ஷவலோட உள்ள போனானாம். கேள்விப்பட்டீங்களா?"

"கேள்விப்பட்டேன்," என்றார் நார்பெர்ட்.

"நல்லா இருப்பானா அவன்?"

அவர் தலையை அசைத்தார். அவள் போகும்வரை நின்றுவிட்டுக் காரைத் திறந்தார். பின்சீட்டில் ஷவல் கிடந்தது. பலகையை அதன்மேல் குறுக்காக வைத்தார். கம்பு நீளம், ஜன்னலை இறக்கினால்தான் கதவு சாத்த முடிந்தது. வழி முழுக்கக் குளிர் உள்ளே வந்தது. அவர் மெதுவாகத்தான் ஓட்டினார். பலகை உடையாமல் இருக்க வேண்டும். ஆகஸ்ட்டில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.