தனபாக்கியம் டீச்சர் கேட்ட ஒரு வருஷம்

காலை ஷிப்டுக்கு மில் சங்கு ஊதி ஓய்ந்திருந்தது. அப்பா வந்து எங்கள் வாசலில் நின்றார். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே இரண்டு சந்துதான் என்றாலும் அந்த நேரத்தில் வருகிறவர் இல்லை. செருப்பைக் கழற்றாமலே, "டீச்சர் போயிட்டாங்க, கமலா" என்றார். பெற்ற தாயை அம்மா என்று சொல்ல அப்போதுகூட அவருக்கு வாய் வரவில்லை. ஸ்ரீராம்புரம் முழுவதும் சொல்கிற பெயரைத்தான் அவரும் சொன்னார்.

சாவுக்கு, அவரிடம் படித்த நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். சந்து கொள்ளவில்லை. ஊரின் மறுகோடியில் இருக்கிற தொம்மலூரிலிருந்தெல்லாம் கைக்குழந்தையோடு பஸ் ஏறி வந்திருந்தீர்கள். எதிர்வீட்டுக் கன்னடக்காரர், "தேவரந்தா டீச்சரு, தேவரந்தா டீச்சரு" என்று கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. தெய்வத்தைப் போன்ற டீச்சர்தான், நான் மறுக்கவில்லை. அந்தத் தெய்வத்தோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள் நான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு பச்சையம்மாள் வந்தாள். தனபாக்கியம் டீச்சரிடம் படித்து இன்று நர்ஸாக இருப்பவள். பழைய மாணவிகள் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறோம், பேத்தி என்ற முறையில் நீயும் எழுத வேண்டும் என்றாள். "வீட்ல எப்படி இருந்தாங்கன்னு எழுது. அது எங்களுக்குத் தெரியாதில்ல?" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் காபி டம்ளரைப் பார்த்தாள். அவளுக்குக் கொஞ்சம் தெரியும்.

நான் அவரை ஆயா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் வேலூர்ப் பக்கத்து வழக்கம் அது. சுதந்திரம் வந்த வருஷம், ஒரு தகரக் கொட்டகையில் பெண்களுக்கென்று தமிழ் வகுப்பு ஆரம்பித்தபோது ஆயா அங்கே வேலைக்குச் சேர்ந்தார். அந்த வகுப்புகளை அவர் எப்படி நிரப்பினார் என்பது உங்களுக்கே தெரியும். ஒரு பெண் இரண்டு நாள் வராவிட்டால் ஆஜர் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய்விடுவார். கதவைத் தட்டமாட்டார். வாசலில் நின்று, சந்து முழுக்கக் கேட்கும்படி, வகுப்பில் கூப்பிடுவதைப் போலவே அவள் பெயரைக் கூப்பிடுவார். பதில் வராவிட்டால் மறுபடியும். அக்கம்பக்கத்துத் தலைகள் எட்டிப் பார்க்கத் தொடங்கியதும், வெட்கம் தாங்காமல் பெண்ணைப் பெற்றவர்கள் அவளை வெளியே தள்ளிவிடுவார்கள். "சோத்துக்கு மறுவேளை இருக்கு. படிப்புக்கு மறுவயசு இல்ல" என்று அவர்களிடம் சொல்வார். எத்தனை வாசல்களில் அதைச் சொன்னார் என்று நீங்கள்தான் எழுத வேண்டும்.

நான் ஆறாவது பாஸ் செய்த கோடையில் அம்மா செத்துப்போனார். தம்பி சேகர் பிறந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. கருமாதி முடிந்த சாயங்காலம் அப்பா ஆயாவின் எதிரே உட்கார்ந்தார். நான் சேகரைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"யாராச்சும் ஒருத்தர் வீட்ல இருக்கணும். எனக்கு ஷிப்டு மாறி மாறி வருது. நீ வேலைய விட்டுடு. கமலா படிக்கட்டும்" என்றார் அப்பா.

ஆயா, "நான் நின்னுட்டா அந்த வகுப்ப மூடிடுவாங்கப்பா. வேற டீச்சர் போடமாட்டாங்க. அத்தனை பொண்ணுங்களும் வீட்டுக்குப் போயிடும்" என்றார். என்னைப் பார்த்தார். "ஒரே ஒரு வருஷம், கமலா. இவன் நடக்க ஆரம்பிச்சதும் உன்ன நானே கூட்டிக்கிட்டுப் போறேன்."

என் அப்பாவைக் குறை சொல்கிறவர்கள் உங்களில் உண்டு. பெண்ணைப் படிக்க விடாமல் நிறுத்திய முரடன் என்று என் காதுபடவே சொல்லியிருக்கிறீர்கள். அன்று எனக்காகப் பேசியவர் அவர் ஒருவர்தான். தன் தாயின் பேருக்குப் பழி வரக்கூடாது என்று இத்தனை வருஷமும் அதைச் சுமந்தார். இனியாவது அவரை விட்டுவிடுங்கள்.

மறுநாளிலிருந்து ஆயா பள்ளிக்கூடம் போனார், நான் அடுப்படிக்குப் போனேன். சாயங்காலம் வரும்போது உங்கள் கட்டுரை நோட்டுகளைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு வருவார். களைத்துப்போய்ச் சுவரில் சாய்ந்துகொள்வார். சேகரின் தூளியை ஒரு காலால் ஆட்டிக்கொண்டே நான் அந்த நோட்டுகளைத் திருத்துவேன். ஒற்று விட்டிருந்தால் போடுவேன். றகரம் ரகரமாகியிருந்தால் அடித்து எழுதுவேன். சிவப்பு மையில் இருக்கிற எழுத்துகளில் பாதி என்னுடையவை. பழைய நோட்டை யாராவது வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள், சாய்வில்லாமல் நேராக நிற்கிற கையெழுத்து என் கையெழுத்து. ஏழாம் வகுப்புப் பாடத்தை நான் படித்தது அப்படித்தான், உங்கள் பிழைகளிலிருந்து.

சேகர் தவழ ஆரம்பித்திருந்த சமயம். ஒருநாள் சாப்பிடும்போது ஆயாவுக்கு அபூர்வமான சந்தோஷம். பச்சையம்மாளின் அம்மா முனிசிபாலிட்டியில் பெருக்குகிற வேலைக்குச் சேர்ந்துவிட்டாராம். தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் பச்சையம்மாளை நிறுத்திவிட்டார்களாம். ஆயா வாசலில் போய் நின்று அவளை மீட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

"தங்கச்சியத் தூக்கிக்கிட்டே வரட்டும்னு சொல்லிட்டேன். என் மேசைக்குப் பக்கத்துல ஒரு கோணியப் போட்டா தூங்கிட்டுப் போவுது. இதுக்குப் போயி ஒரு பொண்ணு படிப்ப நிறுத்தலாமா?"

நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். கரண்டியைக் குண்டானில் வைத்துவிட்டு அவரையே பார்த்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

அடுத்த நாள் சேகருக்குச் சட்டை போட்டு, இடுப்பில் தூக்கிக்கொண்டு, பழைய பையை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். ஆயா கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் பச்சையம்மாள், அவள் தங்கை கோணியில் உட்கார்ந்து சிலேட்டுக் குச்சியை நக்கிக்கொண்டிருந்தது. உங்களில் பலர் அன்று அந்த அறையில் இருந்தீர்கள்.

"கமலா, வீட்டுக்குப் போ" என்றார் ஆயா.

"பச்சையம்மா மட்டும் இருக்கா?"

சுண்ணாம்புக் கட்டியை வைத்துவிட்டு என் கையைப் பிடித்து வெளியே, குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்திப் பேசினார். "டீச்சர் பேரனைப் பள்ளிக்கூடத்துல வெச்சு வளக்கிறாங்கன்னு எவனாவது கமிட்டிக்கு எழுதிப் போட்டான்னா, பச்சையம்மா தங்கச்சியையும் சேத்து வெளிய அனுப்பிடுவாங்க. அவளும் போயிடுவா. என் வீட்டுப் புள்ளைக்குச் சலுகை காட்டுனா ஊரான் வீட்டு வாசல்ல நான் எந்த வாயால பேசறது? உனக்குப் புரியும். நீ புத்திசாலி."

"புரியுது ஆயா" என்றேன். புரியத்தான் செய்தது. அதுதான் கொடுமை. பன்னிரண்டு வயதில் அவர் சொன்னதில் ஒரு பிழையையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்று, இருபத்தேழு வயதிலும் முடியவில்லை. அவர் சேகரின் மூக்கைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு உள்ளே போனார். நான் சந்து திரும்புகிற வரை நீங்கள் சேர்ந்து வாய்ப்பாடு சொல்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

சேகர் நடந்தான். ஓடினான். அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. பதினேழு வயதில் மில் தொழிலாளி ஒருவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனிதர். அவரைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை.

ஆயா ஓய்வு பெற்றபோது நீங்கள் போட்ட மாலைகள் கழுத்துக்கு மேலே ஏறி முகத்தை மறைத்தன. அதற்கு அடுத்த வாரம் ஒரு துணிப்பையோடு என் வீட்டுக்கு வந்தார். உள்ளே மெட்ரிகுலேஷன் புத்தகங்கள். அட்டை போட்டு, அட்டையில் என் பெயரை எழுதியிருந்தார்.

"பிரைவேட்டா எழுதலாம் கமலா. தினமும் நான் வந்து சொல்லித் தரேன். உன்னால முடியும்."

என் மடியில் கைக்குழந்தை இருந்தது. அவருக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது, படியைத் தடவித்தான் ஏறியிருந்தார். அதையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்: "ஒரு வருஷம் போவட்டும் ஆயா."

அவர் என்னையே பார்த்தார். பிறகு புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தார். அவசரப்படாமல், மூலை மடங்காமல் வைத்தார். "சரிம்மா" என்றார். 'ஒரு வருஷம்' என்ற அந்தச் சொல்லை எத்தனையோ வருஷமாக நாக்கில் வைத்திருந்தேன் என்பது சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. சொன்னதில் எனக்குச் சந்தோஷம் இருந்தது. அதையும் இந்த மலரில் எழுதிவிடுகிறேன்.

கடைசி எட்டு மாதம் அவர் படுக்கையில். நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தீர்கள், அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். மற்ற ஆறு நாளும், ஏழாம் நாள் நீங்கள் போன பிறகும், இரண்டு சந்து தாண்டிப் போய் அவருக்குத் துணி மாற்றியவள் நான். பாசம் என்று சொன்னீர்கள். வேறு யார் செய்வது?

ஒரு மத்தியானம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். முழுக்கப் பார்வை போயிருந்தது. என் கை இருக்கும் இடத்தைத் தடவிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"என்மேல உனக்கு இன்னும் கோவமா, கமலா?"

அதுவரை அவர் அதைக் கேட்டதில்லை. அவருக்கு அது தெரிந்திருந்தது என்பதே எனக்குத் தெரியாது. வேலையில் இருந்த வருஷமெல்லாம் தெரிந்துகொண்டேதான் அந்த ஆஜர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாகப் போயிருக்கிறார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சாகக் கிடக்கிற மனுஷியிடம் யாரும் சொல்லக்கூடிய ஒரு சொல். எனக்கு வரவில்லை.

"கஞ்சி ஆறிப்போவுது. குடி" என்றேன்.

அவர் வாயைத் திறந்தார். குடித்து முடிக்கிற வரை என் கையை விடவில்லை.

பச்சையம்மாளே, நீ கேட்டதை எழுதிவிட்டேன். போடுவதும் விடுவதும் உன் இஷ்டம். அவர் உங்களுக்குக் கொடுத்தது பெரிது, அதை வைத்துக்கொண்டு நன்றாக இருங்கள். எனக்கென்று அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட அந்த ஒரு கேள்வி. ஆமாம் ஆயா, கோபம்தான்.