தராசுக்காரர் சொன்ன ‘ஆச்சு’

தராசு பழுது பார்ப்பது அவர் தொழில். தெருவில் எல்லோருக்கும் அவர் தராசுக்காரர்தான். எடைக்கல்லை வெறுங்கையால் தொடமாட்டார். விரலில் இருக்கும் ஈரமும் எடைதான் என்று துணி சுற்றியே எடுப்பார். அரை கிராம் பிசகினாலும் முழுத் தராசையும் பிரித்துப் போட்டு முதலிலிருந்து உட்காருவார்.

கடைக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு கட்டில், ஓர் அடுப்பு. தங்கை கல்யாணமாகிப் போன பிறகு அடுப்பில் டீயைத் தவிர வேறெதுவும் கொதித்ததில்லை. டீக்குச் சர்க்கரை மட்டும் தாராளம்.

உடம்பிலும் சர்க்கரை என்று தெரிந்தபோது, மருத்துவமனையில் அவரை ஒரு திட்டத்தில் சேர்த்தார்கள். மூன்று வேளையும் கைபேசியில் ஒரு பெண்குரல் கூப்பிடும். பேசுவது இயந்திரம். சாப்பிட்டாரா என்று கேட்டு, அவர் உடம்புக்கு எது ஆகும் என்று சொல்லும். பதில்கள் டாக்டருக்குப் போகும். உறவினர் எண் ஒன்றும் கேட்டார்கள். தங்கைக்கு அவள் பாடே பெரும்பாடு என்று நினைத்து, தன் கடைப் போன் எண்ணையே எழுதிக் கொடுத்தார்.

“வணக்கம். சாப்பிட்டாச்சா?”

“ஆச்சும்மா.”

“ரொம்ப நல்லது. அடுத்த வேளைக்குக் காய் கொஞ்சம் கூடுதலா சேத்துக்கோங்க.”

“சரிம்மா.”

அது பொய் என்றே அவருக்குத் தோன்றவில்லை. யாராவது கேட்டால் ‘ஆச்சு’ என்பதுதானே மரியாதை? குரல் வந்தால் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவார். சில நாள் அவர் பேசிய பேச்சே அவ்வளவுதான்.

பக்கத்துக் கடைச் சாவிக்காரர் விடமாட்டார். “யாருண்ணே அது, மூணு வேளையும் விசாரிக்கறாங்க? எங்க வீட்டுல ஒரு வேளைகூட கேக்க மாட்டேங்கறா!”

“நீ பூட்டைப் பாருடா.”

மாதம் முடிந்ததும் டாக்டரம்மா பதிவைப் பார்த்தார். மூன்று வேளையும் ஒழுங்கான சாப்பாடு. ஆனாலும் சர்க்கரை ஏறியிருந்தது. மாத்திரையைக் கூட்டினார். நான்காம் நாள் தராசுக்காரர் மேசைமேலேயே சரிந்தார். சாவிக்காரர்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்.

“உண்மையைச் சொல்லுங்க, சாப்பிட்டீங்களா?” என்றார் டாக்டரம்மா.

“இல்ல.”

“அப்புறம் எதுக்கு ஆச்சுன்னீங்க?”

“கேட்டாங்களே டாக்டர். வேற என்ன சொல்றது?”

“நீங்க சொன்னதை நம்பித்தானே நான் மாத்திரையைக் கூட்டினேன்! வெறும் வயித்துல அது சர்க்கரையை ஒரேயடியா இறக்கிடும். இன்னொரு தடவை இப்படி விழுந்தா, எழுந்திருப்பீங்கன்னு சொல்ல முடியாது.”

உயிர் போகும் என்பதைவிட, தப்பான அளவு கொடுத்துவிட்டோம் என்பதுதான் தராசுக்காரரைச் சுட்டது.

கடைக்குத் திரும்பிய மறுநாள் மதியம் குரல் வந்தது. “வணக்கம். சாப்பிட்டாச்சா?”

‘ஆ’ வரை வந்துவிட்டது. விழுங்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இல்லம்மா.”

“சரி. உங்க உறவினருக்குச் சொல்றேன்.” இணைப்பு அறுந்தது.

மேசை மூலையில் கடைப் போன் அடித்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது முறை மணி அடித்ததும் எடுத்தார். அதே குரல்.

“வணக்கம். உங்க வீட்டுல ஒருத்தர் இன்னும் சாப்பிடல. ரெண்டு ரொட்டி, ஒரு முட்டை, கொஞ்சம் காய் குடுங்க. சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே இருங்க.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சரிம்மா,” என்றார். “நான் பாத்துக்கறேன்.”

எடைக்கற்களைத் துணியால் மூடிவிட்டு, பின்னறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தார்.