மடைவாயில் மட்டும் பச்சை

என் மனைவியின் தங்கை புருஷன் வளைகுடாவிலிருந்து திரும்பி, என் வயலுக்கு மேல் வயலை வாங்கி மட்டி வாழை வைத்த நாளிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல்தான். இதில் மறைக்க என்ன இருக்கிறது? அவன் வாழை குலை தள்ளியதைப் பார்த்துவிட்டு வந்து என் மனைவியே பெருமூச்சு விட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் கும்பப்பூச் சாகுபடியில் என் நெல் திடீரென்று மஞ்சளடித்துக் கருகியது. வாழைக்கு இடையில் புல்லைக் கருக்க அவன் அடித்த மருந்துதான் மழைத்தண்ணீரோடு மடை வழியாக இறங்கிவிட்டது என்று டீக்கடையில் எல்லாரிடமும் சொன்னேன். சொல்லும்போது ஒரு சந்தோஷம்கூட இருந்தது. வேளாண்மை ஆபீசில் எழுதியும் கொடுத்தேன்.

வந்த அதிகாரி இளம்பெண். செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினார். அவனும் வந்து வரப்பில் நின்றான்.

"தண்ணியில வந்திருந்தா மடைவாயிலதானே மொதல்ல கருகணும்? அங்கதான் நல்லா நிக்குது" என்றார் அதிகாரி.

கருகல் கிழக்கு வரப்பிலிருந்து பட்டை பட்டையாகப் போனது. தொடக்கத்தில் மோசம், போகப்போகக் குறைவு.

"கடைசியா என்ன அடிச்சீங்க?"

"புழுவுக்கு மருந்து. கிழக்கேருந்து தொடங்கினேன்."

"மொதல் டேங்க் அடிச்ச எடத்துலதான் ரொம்பக் கருகியிருக்கு. டேங்க்ல பழைய புல்லு மருந்து கெடந்திருக்கு. மருந்தடிச்ச மிஷின் யாருக்கது?"

அவனுடையதுதான். புழு விழுந்தபோது என் மிஷின் பழுதாகிக் கிடந்தது, புழு காத்திருக்காது. மனைவி அவனிடம் கேட்க, அவனே தன் மிஷினைச் சுமந்து கொண்டுவந்தான். "அண்ணே, இதுல புல்லு மருந்து அடிச்சதாக்கும். ரெண்டு மூணு தடவ நல்லா அலசிட்டு அடியுங்க" என்றும் சொன்னான். நேற்று வயலில் இறங்கியவன் எனக்கு டேங்க் கழுவப் படிப்பிக்கிறானா என்ற ஆத்திரத்தில், அலசாமலே மருந்தைக் கலக்கினேன். நெல் கருகிய பிறகும் அதை நினைக்காமலிருக்கவே பார்த்தேன்.

"மிஷின் எனக்கதுதான் மேடம்" என்றான் அவன். "அலசணும்னு அண்ணன்கிட்ட சொல்ல மறந்துட்டேன். தப்பு எனக்கதாக்கும்."

என் முகத்தை அவன் பார்க்கவே இல்லை. அதிகாரி அவனைத்தான் கண்டித்தார். நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அவன் இடத்தில் நான் நின்றிருந்தால், எல்லாரையும் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருப்பேன். அந்தப் பொய் எனக்கு வந்திருக்காது. அதிலும் அவன்தான் மேலே. அன்றைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை.