மேசைக்கு அடியில் டீ

மண்டபம் ஊரில் ஓர் இறால் ஏற்றுமதி கம்பெனி. "ஒரு வாரம் வந்து பாரும்மா, பிடிச்சா சேரு" என்று மேனேஜர் சொன்னதால், பழைய வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன்.

பக்கத்து மேசை கிளார்க் முதுகுளத்தூர்க்காரர். முறுக்கிய மீசையும் கணீர்க் குரலுமாக, யாருக்கும் பயப்படுகிற ஆளாகத் தெரியவில்லை. ஆனால் வாசலில் மேனேஜரின் கார் ஹாரன் கேட்டால் போதும், பாதி குடித்த டீ டம்ளரை மேசைக்கு அடியில் வைத்துவிடுவார்.

நான்காம் நாள் கேட்டேன். "டீ குடிச்சா திட்டுவாராண்ணே?"

"சேச்சே, தங்கமான மனுசன் தாயி. ஒருநாளும் வஞ்சதில்ல."

"பெறகு ஏன் ஒளிக்கிறீக?"

அவருக்கே அது புதுக் கேள்வி போலிருந்தது. மீசையைத் தடவியபடி யோசித்தார்.

"தெரியல தாயி. நான் இங்கன சேந்தப்ப எல்லாரும் வச்சாக. நானும் வச்சேன்."

சனிக்கிழமை நான் மேனேஜரிடம் பதில் சொல்ல வேண்டும். நல்ல சம்பளம், வீட்டிலும் எல்லோருக்கும் சம்மதம். அன்று காலை ஹாரன் கேட்டது. டம்ளரை வைக்கக் குனிந்தவர், என் மேசைக்கு அடியில் பார்த்தார். அங்கே என் டம்ளரும் இருந்தது. எப்போது வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்தது வருத்தமா, துணை கிடைத்த நிம்மதியா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.