பிரிஸ்கில்லாவின் கிராவல் சைக்கிள்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கோழிக்கறிக் கடையை ஒட்டி, தகரம் போட்ட பஞ்சர் கடை ஒன்று இருக்கிறது. அதை நடத்துகிற பிரிஸ்கில்லாவுக்கு முப்பத்தாறு வயது. கடை போடுவதற்கு முன்னால் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷம் இருந்தாள். என்ன வேலை என்று யாராவது கேட்டால் "நாலு போல்ட்" என்பாள். பெல்ட்டில் எஞ்சின் வரும், நான்கு போல்ட்டை முடுக்க வேண்டும், எஞ்சின் போய்விடும். அடுத்த எஞ்சின், அதே நான்கு. ஐந்தாவது போல்ட் எங்கே இருக்கிறதென்று எட்டிப்பார்க்கக்கூட நேரம் கிடையாது. ஒரு நாள் கான்ட்ராக்ட் முடிந்தது என்று அனுப்பிவிட்டார்கள். அழுதுகொண்டே வந்தவள், அடுத்த வாரமே ஒரு காற்று பம்பை வைத்துக் கடையைப் போட்டுவிட்டாள். ஒரு சைக்கிளின் எல்லா போல்ட்டையும் தானே கழற்றித் தானே மாட்டலாம் என்பது அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷமாக இருந்தது.

பஞ்சர் ஒட்டிக் குடும்பம் ஓடுமா என்பது அவள் கணவன் ஆல்வினின் கவலை. ஆல்வின் டிப்பர் லாரி டிரைவர். ரோடு போடுகிற இடங்களுக்குக் கிராவல் அடிப்பவன். இந்தப் பக்கத்தில் கிராவல் என்றால் அந்தச் சிவப்பு மண்தான். மனையை மேடாக்க அது, தார் ரோட்டுக்கு அடியில் அது. அந்த வீட்டில் காலை நாஷ்டாவிலிருந்து ராத்திரிச் சோறு வரைக்கும் கிராவல் பேச்சுதான். ஆல்வினின் சட்டையை உதறினால் இன்னொரு அரை லோடு விழும்.

இப்படி இருக்கையில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. மறுபடி ஆள் எடுக்கிறார்கள், மூன்று வாரம் கழித்துத் திங்கட்கிழமை விடிகாலை ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ் ஊர் முனையில் நிற்கும், வருவதாக இருந்தால் வரலாம். ஆல்வின் அன்றைக்குத்தான் மனசு லேசாகித் தூங்கினான். பிரிஸ்கில்லாவுக்குத் தூக்கம் போயிற்று. அந்த நான்கு போல்ட்டை நினைத்தாலே அவளுக்குக் கை மரத்துப்போனது.

அந்த வாரத்திலேயே இன்னொரு போனும் வந்தது. பேசியவள் திவ்யா, செங்கல்பட்டில் பேங்க் வேலை. ஒருமுறை கல்வெட்டுக் கோயிலைப் பார்க்கச் சைக்கிளில் வந்து, பஞ்சராகி, பிரிஸ்கில்லாவிடம் ஒட்டிக்கொண்டு போனவள். அவளிடமும் அவள் தம்பியிடமும் காலேஜ் காலத்துக் கியர் சைக்கிள்கள் இரண்டு துருப்பிடித்துக் கிடந்தன. மொத்தை டயரும் நேர் ஹேண்டிலும் வைத்த, ஒரு காலத்தில் எல்லாப் பையன்களும் அடம்பிடித்து வாங்கிய அதே மலைச் சைக்கிள்.

"ரெண்டையும் குட்டியானை வண்டில அனுப்புறேன்க்கா. ரெண்டையும் கிராவல் சைக்கிளா மாத்திக் குடுங்க. எப்படின்னு போட்டோ அனுப்புறேன்" என்றாள். போட்டோ வரவில்லை. வராவிட்டால் என்ன, கிராவல் தெரியாதவளா பிரிஸ்கில்லா?

பேங்க் வேலை பார்க்கிறவளுக்குச் சைக்கிளில் கிராவல் எதற்கு என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். வீடு கட்டுவாள், சந்துக்குள் லாரி போகாது, அவளே முடிவு செய்துகொண்டாள். ஆல்வினும் வேலையில் இறங்கிவிட்டான். லாரி ஷெட்டிலிருந்து ஆங்கிள் இரும்பு கொண்டுவந்தான். தம்பி சைக்கிளின் பின்னால் கேரியர் ஒன்றைப் பற்றவைத்தார்கள். சும்மா கேரியர் இல்லை, இரண்டு சிமெண்ட் மூட்டையை வைத்தாலும் முனகாத கேரியர். கீழே இரட்டை ஸ்டாண்டு. ஆல்வின் அதன்மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தான்.

"நாலு கூடை ஏறும். ஈர மண்ணா இருந்தா மூணு" என்று தொழில் தெரிந்தவனாகச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை திவ்யா பார்க்க வந்தாள். கேரியரைச் சுற்றி வந்தாள். இது எதற்கு என்று கேட்டாள். கிராவல் ஏற்றத்தான் என்றாள் பிரிஸ்கில்லா. திவ்யா சிரிக்க ஆரம்பித்தவள், நிற்க முடியாமல் டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். பிறகு செல்போனில் படத்தைக் காட்டினாள். கிராவல் சைக்கிள் என்பது மண் சுமக்கிற சைக்கிள் இல்லை. ஜல்லி ரோடு, செம்மண் பாதை, ஏரிக்கரை என்று தார் இல்லாத வழியில் வேகமாகப் போகிற சைக்கிள். உடம்பு லேசு, டயர் ரொம்ப ஒல்லியும் இல்லை மொத்தையும் இல்லை, ஹேண்டில் ஆட்டுக்கொம்பு மாதிரி கீழே வளைந்திருக்கும்.

ஆல்வின் லாரிக்கு டீசல் போடவேண்டும் என்று கிளம்பிவிட்டான். பிரிஸ்கில்லாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் படத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. துருப்பிடித்த ஒரு மலைச் சைக்கிளுக்குள் இப்படி ஒரு குதிரை இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

திவ்யா நல்லவள். கேரியரை அறுத்தால் சைக்கிளே கெட்டுவிடும், தம்பி சைக்கிளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், இன்னொன்றை மட்டும் செய்யுங்கள் என்றாள். இன்னொரு விஷயமும் சொன்னாள். அவள் குடியிருக்கிற அப்பார்ட்மெண்டில் சைக்கிள் குழு இருக்கிறது. கீழ்த்தளத்தில் பதினோரு பழைய கியர் சைக்கிள்கள் கிடக்கின்றன. குழுவுக்குத் தலைவர் மோகன்குமார் என்பவருக்கு இந்தப் பழசை மாற்றுகிற வேலையில் நம்பிக்கையே இல்லை. இன்னும் இரண்டு வாரத்தில் ஞாயிறு காலை அறுபது கிலோமீட்டர் ஓட்டம், உத்திரமேரூரிலிருந்து மண் பாதைகளில் சுற்றிக்கொண்டு பெருநகர் போய்த் திரும்புவது. அதில் இந்தச் சைக்கிள் தாங்கினால் பதினொன்றும் உங்களிடம் வரும் என்றார் அவர், என்று சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கு மறுநாள்தான் கம்பெனி பஸ்.

அடுத்த நாட்களில் பிரிஸ்கில்லா சோற்றை எங்கே தின்றாள் என்று அவளுக்கே தெரியாது. சின்னப்பையன் நடத்துகிற காயலான் கடையில் இரும்புக் குவியலைக் குடைந்து, எந்தக் காலத்திலோ ரேஸ் சைக்கிளிலிருந்து கழன்ற ஆட்டுக்கொம்பு ஹேண்டில் இரண்டை இழுத்தெடுத்தாள், பிரேக் பிடியோடு சேர்த்து. ஒன்று திவ்யா சைக்கிளுக்கு. இன்னொன்று, ஆசை யாரை விட்டது, தன் கேரியர் சைக்கிளுக்கு. மொத்தை டயரைக் கழற்றி நடுத்தரமான டயர் போட்டாள். ஆட்டம் போடுகிற முன்சக்கர ஸ்பிரிங்கைத் தூக்கிவிட்டு நேர் கம்பி வைத்தாள். ஐந்தாவது போல்ட், ஐம்பதாவது போல்ட் எல்லாம் அவள் கையில்.

பெரிய ஏரிக்கரைச் சரிவில் ஓட்டிப் பார்த்தபோதுதான் உயிர் போனது. பிரேக் பிடியை முழுசாக அழுத்தினாள், சைக்கிள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. காலைத் தேய்த்து நிறுத்தியதில் செருப்பின் அடிப்பாகம் பாதி போயிற்று. வயர் மாற்றினாள், பிரேக் கட்டை மாற்றினாள், அப்படியேதான் இருந்தது. மூன்று நாள் பேஜார். கேரியர் வைத்து வாங்கிய பேர் போதாதா, திங்கட்கிழமை ஒழுங்காகப் பஸ் ஏறு என்று ஆல்வின் சொன்னான். அவன் சொன்னதில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் சுருக்கென்றது.

வியாழக்கிழமை, கழற்றிப்போட்ட பழைய பிரேக் பிடியையும் ஆட்டுக்கொம்புப் பிடியையும் பக்கத்தில் வைத்து விரலால் அளந்து பார்த்தாள். பழைய பிடியை அழுத்தினால் வயர் ஒரு விரல் அகலம் நகர்ந்தது. ஆட்டுக்கொம்புப் பிடி அரை விரல்தான் இழுத்தது. சைக்கிளில் இருந்ததோ சக்கரத்தின் இரு பக்கமும் உயரமான கை வைத்த பிரேக், அதற்கு வயர் ஒரு விரல் நகர வேண்டும். பிரேக்கில் தப்பில்லை, பிடியிலும் தப்பில்லை, ஜோடிதான் தப்பு. எழுந்து சின்னப்பையன் கடைக்கு ஓடினாள், நிஜமாகவே ஓடினாள். அதைவிடப் பழைய மலைச் சைக்கிள்களில் வருகிற குட்டைக் கை பிரேக், நடுவில் ஒரே வயர் இழுக்கிற ஜாதி, இரண்டு ஜோடி கிடைத்தது. மாட்டி, கரைச் சரிவில் விட்டு, பிடியைத் தொட்டாள். சைக்கிள் கப்பென்று நின்றது. ஏரியில் வலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி ஒரு கூச்சல் போட்டாள்.

ஞாயிறு விடிந்ததும் ஒன்பது பேர் கிளம்பினார்கள். மோகன்குமாரின் சைக்கிள் வெளிநாட்டுச் சரக்கு, ஒரு விரலில் தூக்கலாம். திவ்யா மாற்றிய சைக்கிளில். கடைசியாகச் சுடிதாரில் பிரிஸ்கில்லா, கேரியரில் ஸ்பேனர் பையும் தண்ணீர் கேனும் எல்லோருக்கும் எலுமிச்சம் சாதமும். மோகன்குமார் கேரியரைப் பார்த்தார், திவ்யா ஏற்கெனவே கதையைச் சொல்லியிருப்பாள் போலிருக்கிறது, மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டார். மானாம்பதி தாண்டியதுமே பிரிஸ்கில்லாவுக்குச் சிறகு முளைத்துவிட்டது. வரப்போரம், செய்யாற்றங்கரை, செம்மண், மணல், எதிர்க்காற்றுக்குக் குனிந்தால் ஆட்டுக்கொம்பு கைக்குள் வந்து உட்கார்ந்தது. இத்தனை வருஷம் இதே மண்ணை லாரியில் பார்த்தாள், இன்றைக்கு அதன்மேல் பறந்தாள்.

திரும்பும்போது ஏரிக்கரைமேல், ஊருக்கு ஆறு கிலோமீட்டர் இருக்கையில், கூரான கருங்கல் ஜல்லி ஒன்று மோகன்குமாரின் டயரைக் கிழித்தது. டியூப் இல்லாத டயர், உள்ளே ஊற்றியிருந்த பசை பால் மாதிரி வெள்ளையாகப் பீச்சியது. ரிம்மும் விரிசல் விட்டுவிட்டது. டியூப் போட்டாலும் உருளாது. கரைமேல் கார் வராது. அவர் ஷூவுக்கு அடியில் பெடலில் மாட்டுகிற கட்டை, நடந்தால் லாடம் அடித்த மாடு மாதிரி வழுக்கியது.

பிரிஸ்கில்லா தண்ணீர் கேனைத் திவ்யாவிடம் கொடுத்துவிட்டுக் கேரியரைத் தட்டினாள்.

"ஏறுங்க சார். டபுள்ஸ் பூடலாம்."

வேறு வழி? மோகன்குமார் தன் சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு கேரியரில் உட்கார்ந்தார். ஆங்கிள் இரும்பு முனகவில்லை. ஆறு கிலோமீட்டர் மிதித்தாள். முழங்கால் நெருப்பாக எரிந்தது, நிற்கவில்லை. கடைசியில் கரையிலிருந்து தார் ரோட்டுக்கு இறங்குகிற சரிவு வந்தது, கீழே காஞ்சிபுரம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. இரண்டு ஆள், இரண்டு சைக்கிள், ஒரு காயலான் கடை பிரேக். பின்னால் மோகன்குமார் முருகா என்று முனகுவது கேட்டது. பிரிஸ்கில்லா ஆண்டவரே என்று சொல்லிப் பிடியை அழுத்தினாள். ரோட்டுக்கு ஒரு முழம் முன்னால் சைக்கிள் நின்றது. பஸ் கடந்து போனது.

மோகன்குமார் இறங்கி, தோளில் இருந்த சைக்கிளைக் கீழே வைத்து, குனிந்து அந்தக் குட்டைக் கை பிரேக்கை விரலால் தட்டிப் பார்த்தார்.

"பதினொண்ணையும் அனுப்புறேம்மா. ஒண்ணே ஒண்ணு. என் சைக்கிளுக்கும் இந்தக் கேரியர் வேணும்" என்றார்.

அன்று மாலைக்குள் இந்தக் கதை டீக்கடை வழியாக ஆல்வினிடம் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு கடையிலும் சரிவு கொஞ்சம் செங்குத்தாகிக்கொண்டே போனது. அவன் வீட்டுக்கு வந்து கேரியரின் வெல்டிங்கை மட்டும் டார்ச் அடித்து ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

திங்கட்கிழமை ஐந்து மணிக்கு ஊர் முனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. பிரிஸ்கில்லா பாயில் எழுந்து உட்கார்ந்தாள். அவளுக்கு முன்னால் ஆல்வின் எழுந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போயிருந்தான். அவன் டிரைவரிடம் பேசுகிறது வீட்டுக்குள் வரை கேட்டது.

"அவ வரமாட்டாண்ணா, நீ போ. வூட்ல கிராவல் வேல கீது."