தடை கேட்டவளின் சோளக்காடு

ஹங்கேரியின் சில்வாஷ்ஃபா கிராமத்தில் மக்காச்சோளம் போடாத வீடு கிடையாது. ஆனால் மக்காச்சோளத்துக்காகப் பிரஸ்ஸல்ஸ் வரைக்கும் பேருந்தில் போய், ஐரோப்பிய மந்திரிகள் கூடிய கட்டடத்துக்கு வெளியே குளிரில் நின்றுவிட்டு வந்தவள் பிரோஷ்கா ஒருத்திதான். அங்கே மரபணு மாற்று மக்காச்சோளத்துக்கு ஹங்கேரி போட்டிருந்த தடையை நீக்க வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடந்தது. மரபணு மாற்று விதை எங்கள் மண்ணுக்கு வேண்டாம் என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றாள். தடை நிலைத்தது. ஊர் திரும்பியபோது காய்ச்சல் நூற்றுமூன்று. கணவன் தேனெஷ் சூப்பை ஊட்டிவிட்டுக்கொண்டே, "நாட்டைக் காப்பாத்திட்டே, இனிமே நுரையீரலைக் காப்பாத்து" என்றான்.

அவளுக்கு அப்போது ஐம்பது வயது. அப்பாவிடமிருந்து வந்த நிலமும் குத்தகை நிலமுமாக முப்பத்தெட்டு ஹெக்டேர். படித்தது வேளாண் பள்ளியோடு சரி. இருந்தாலும் எந்த நாடு எந்த விதையை அனுமதித்தது, எந்த மந்திரி எப்படி வாக்களித்தார் என்பதெல்லாம் விரல்நுனியில் இருக்கும். பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் வாய் திறக்க முடியாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தப் பேச்சில் ஒருமுறை அடிபட்டவர் அடுத்த காட்டுக்காரர் கல்மான். ஒரு வருஷம் தண்டுத் துளைப்பான் புழு விழுந்து அவருடைய சோளத்தில் பாதி ஒடிந்து சாய்ந்தது. ஊர் மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் அவர் எழுந்து, ஸ்பெயினில் புழு தாங்கும் விதையைப் போடுகிறார்களே, நமக்கு மட்டும் ஏன் கூடாது என்று கேட்டார். நியாயமாகத்தான் கேட்டார். பிரோஷ்கா மேடையிலிருந்து இறங்கி அவர் முன்னால் வந்து நின்றாள்.

"போடுங்க கல்மான் அண்ணே. காத்து உங்க வேலியோட நின்னுடும்னு எழுதிக் குடுத்துட்டுப் போடுங்க. இல்லேன்னா நானே டிராக்டர் எடுத்துட்டு வந்து உழுதுடுவேன்."

மண்டபமே சிரித்தது. அவருடைய மகளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கல்மான் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அதன்பிறகு பாதையில் எதிர்ப்பட்டாலும் அவளுக்கு வணக்கம் சொன்னதில்லை.

இரண்டாயிரத்துப் பதினொன்றாம் வருஷம் வசந்தத்தில் நாட்டின் புதிய அரசியல் சாசனத்திலேயே மரபணு மாற்றுப் பயிர் இல்லாத வேளாண்மை என்று ஒரு வரி சேர்ந்தது. பிரோஷ்கா அன்று நாலு தட்டு உப்பு ரொட்டி சுட்டுத் தெரு முழுக்கக் கொடுத்தாள். அதே வாரம்தான் அவளுடைய காட்டில் விதைப்பும் முடிந்திருந்தது.

ஜூன் கடைசித் திங்கட்கிழமை, மதியச் சாப்பாட்டு வேளையில் தொலைபேசி அடித்தது. மாவட்டப் பயிர்ப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து திமேயா. மாணவியாக இருந்தபோது பிரோஷ்காவுடன் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிய பெண். இப்போது அங்கே ஆய்வாளர். இந்த வருஷம் கடைகளில் விற்ற விதைகளைச் சோதித்துக்கொண்டு வருகிறார்கள் என்று பிரோஷ்காவுக்கு ஏற்கனவே தெரியும். சோதிக்க வேண்டும் என்று மனுக் கொடுத்தவர்களில் அவளும் ஒருத்தி.

"அத்தை, உக்காந்திருக்கீங்களா?"

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம். யார் காட்டுல கண்டுபிடிச்சீங்க?" பிரோஷ்காவின் குரலில் ஆவலே இருந்தது.

திமேயா பதிலாக ஒரு விதைத் தொகுதியின் எண்ணை மெதுவாக வாசித்தாள். ஒரு தடவை வாசித்துவிட்டு மறுபடியும் வாசித்தாள்.

பிரோஷ்கா தொலைபேசியை மேஜைமேல் வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனாள். விதை மூட்டைகளின் சீட்டுகளை அவள் எறிவதில்லை. கம்பியில் கோத்து ஆணியில் மாட்டி வைத்திருப்பாள். முதல் சீட்டில் அதே எண். அடுத்ததிலும் அதே. அதற்குக் கீழே, மரபணு மாற்று விதை கலக்காதது என்று அச்சடித்த சான்று. அத்தனை சீட்டையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். முப்பத்தெட்டு ஹெக்டேரும் ஒரே தொகுதி. தேனெஷ் வந்து கூப்பிட்டபோது கம்பியைப் பிடித்தபடியே நின்றிருந்தாள். கம்பி உள்ளங்கையைக் கிழித்திருந்தது அவளுக்குத் தெரியவே இல்லை.

அன்று சாயங்காலம் காட்டுக்குள் இறங்கினாள். சோளம் தோள் உயரம். கரும்பச்சை, ஒரு மஞ்சள் இலை கிடையாது. அந்த வருஷம் போல அவள் காடு விளைந்ததே இல்லை. வரிசை வரிசையாக நடந்து ஒவ்வொரு செடியையும் உற்றுப் பார்த்தாள். ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியவில்லை. ஐந்து வருஷமாக எந்தப் பயிரைப் பற்றி மேடை மேடையாகப் பேசினாளோ, அது எதிரே நின்றும் அவளால் அடையாளம் சொல்ல முடியவில்லை.

ஆய்வுக்கூடம் தப்புப் பண்ணியிருக்கும் என்று அவள் அடித்துச் சொன்னாள். மறுபரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தாள். திமேயாவே வந்து, காட்டின் இருபது இடங்களிலிருந்து இலை கிள்ளிப் பைகளில் போட்டுக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் முடிவுடன் அவளே நேரில் வந்தாள். ஆயிரம் செடிக்கு மூன்று. சட்டம் ஒன்றைக்கூட அனுமதிப்பதில்லை. அப்படி இருக்க வேண்டும் என்று சண்டை போட்டவர்களில் முன்னணியில் நின்றவள் பிரோஷ்கா.

"மூணுதானே? ஆள் வெச்சுத் தேடிப் பிடுங்கிடறேன்."

"எந்த மூணுன்னு சொல்லுங்க அத்தை. நானும் கூட வந்து பிடுங்குறேன்."

பிரோஷ்கா காட்டைப் பார்த்தாள். பிறகு திமேயா பக்கமாக நெருங்கி, குரலைத் தணித்து, தான் பேசுவோம் என்று கனவிலும் நினைக்காத ஒன்றைப் பேசினாள்.

"இந்த ஒரு வருஷம் மட்டும் கண்ண மூடிக்கோயேன், கண்ணு. யாருக்குத் தெரியப்போவுது?"

திமேயாவின் முகம் வெளுத்துப்போனது. முடிவுத் தாளை வண்டியில் வைத்தாள், கதவைச் சாத்தினாள், திரும்பி வந்தாள். "இது என் காதுல விழல அத்தை," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. வண்டி போனபிறகும் பிரோஷ்கா வாயைக் கையால் பொத்தியபடியே நின்றாள். சோளம் கெட்டது ஒரு அதிர்ச்சி என்றால், அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வந்தது அதைவிடப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது. எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.

மறுநாள் புதாபெஸ்டிலிருந்து ஆகொஷ்டன் கூப்பிட்டார். மரபணு மாற்று விதையை எதிர்க்கும் அவர்கள் சங்கத்தின் தலைவர், படித்தவர், தன்மையானவர். ஆறுதல் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று பிரோஷ்கா நினைத்தாள். ஆறுதலும் சொன்னார். சொல்லிவிட்டு, அழிக்கும் அன்று பத்திரிகைக்காரர்கள் வந்தால் அவள் வெளியே வராமல் இருப்பது நல்லது என்றார். "நம்ம செயற்குழு உறுப்பினர் காட்டுலயே இருந்துச்சுன்னா எதிர்த்தரப்பு சும்மா விடுமா? பேரு வெளிய வரவேண்டாம், அவ்வளவுதான். ஒரு விவசாயின்னு போட்டுக்கட்டும்." அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபிறகு, சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு, நேற்றே கழுவிய பாத்திரங்களை எல்லாம் எடுத்து மறுபடி கழுவினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் உழுது அழிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்த வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவளும் தேனெஷும் காட்டுப் பாதைக்குப் போனார்கள். பாதையை அடைத்துக்கொண்டு குறுக்கே ஆறு டிராக்டர்கள் நின்றன. இந்தப் பக்கம் திமேயாவின் வண்டியும் ஒரு போலீஸ் காரும். முதல் டிராக்டரின் படியில் உட்கார்ந்து வெங்காயமும் பன்றிக்கொழுப்பும் வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார் கல்மான்.

தன்னைக் கேலி செய்யத்தான் வந்திருக்கிறார் என்று அவள் நினைத்தாள். ஐந்து வருஷக் கணக்கு. தீர்க்கட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு முன்னால் போனாள்.

கல்மான் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நீ வீட்டுக்குப் போ. இந்தக் காட்டுல எவனையும் காலு வைக்க விடமாட்டோம்."

அவளுக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. "என்ன சொல்றீங்க?"

"விதை வித்தவன் சீட்டுல பொய் எழுதுவான். விதைச்சவ காட்ட அழிக்கணுமா? இது என்ன நியாயம்? இன்னிக்கு உன் காடு, நாளைக்கு என் காடு." பின்னால் நின்ற மற்ற ஐந்து பேரும் தலையாட்டினார்கள். அவர்களில் மூன்று பேர் அவளுடைய கூட்டங்களில் கைதட்டியவர்கள்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். போலீஸ்காரரும் பார்த்தார். அவள் ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குத் திரும்பியிருந்தால் அன்று அந்தக் காடு பிழைத்திருக்கும். ஒரு வாரமாவது பிழைத்திருக்கும். தேனெஷ் அவள் முழங்கையைத் தொட்டான். அவனுக்கு அதுதான் ஆசை. அவளுக்கும் அதுதான் ஆசை. கிழக்குப் பக்கம் பார்த்தாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கல்மானின் சோளம். அவர் வேறு கடையில் வாங்கிய விதை. சோதனையில் சுத்தம் என்று வந்திருந்தது.

"அண்ணே, பூ எடுக்க இன்னும் நாலஞ்சு நாள்தான் இருக்கு. எடுத்துட்டா மகரந்தம் உங்க காட்டுலதான் போய் விழும்."

"விழட்டும்."

"விழுந்தா அடுத்த உத்தரவு உங்களுக்குத்தான். ஆறு பேருக்கும்."

பின்னால் இருந்த ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"அன்னிக்கு மண்டபத்துல நான் சொன்னது சரிதான்," என்றாள் பிரோஷ்கா. "ஆனா உங்க பொண்ணு முன்னாடி அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அது தப்பு. மன்னிச்சுக்கங்க."

"ரெண்டுமே தப்பு," என்றார் கல்மான். மிச்ச ரொட்டியைத் துணியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்தார். கொஞ்ச நேரம் அவள் காட்டையே பார்த்தார். "இந்த மாதிரி சோளத்த நான் என் ஆயுசுல பாத்ததில்ல," என்று சொல்லிவிட்டு டிராக்டரில் ஏறி ஓரமாக நகர்த்தினார். மற்றவர்களும் நகர்த்தினார்கள். ஆனால் யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

தான் ஓட்டுவதாகத் தேனெஷ் சொன்னான். அலுவலகம் அமர்த்திய ஆளும் தயாராக நின்றான். பிரோஷ்கா இருவரையும் விலக்கிவிட்டுத் தன் டிராக்டரில் ஏறினாள். சட்டிக் கலப்பையை இறக்கினாள். முதல் பத்து மீட்டரிலேயே பச்சைத் தண்டு நொறுங்கும் சத்தம் என்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. சாற்றின் வாசனை டிராக்டரின் கண்ணாடிக் கூண்டுக்குள் வந்தது. இனிப்பான, பால் கதிரை உரிக்கும்போது வருமே, அந்த வாசனை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்திருந்தாள். திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒரு கறுப்புப் பட்டை, இரண்டு பக்கமும் ஆடாமல் நிற்கும் பச்சைச் சுவர். ஒரு முயல் வெளியே ஓடிவந்து, எங்கே போவதென்று தெரியாமல் பட்டையின் நடுவில் உட்கார்ந்துவிட்டது. அது போகும்வரை நிறுத்தி வைத்திருந்தாள்.

இருட்டுவதற்குள் முடிந்தது. அவள் அழவில்லை. தேனெஷும் திமேயாவும் கைகொடுத்து இறக்கிவிட்டார்கள். பாதையில் மாவட்டச் செய்தித்தாளிலிருந்து ஒரு பெண் நின்றிருந்தாள். ஒரு விவசாயி என்று போட்டுக்கொள்ளட்டுமா என்று அவள் மரியாதையாகக் கேட்டாள்.

"பேரப் போடும்மா," என்றாள் பிரோஷ்கா. முழுப் பெயரையும், ஊரையும், சங்கத்தில் தான் செயற்குழு உறுப்பினர் என்பதையும் எழுத்துக்கூட்டிச் சொன்னாள்.

செய்தி வந்தபிறகு ஆகொஷ்டன் மூன்று வாரம் கூப்பிடவில்லை. செப்டம்பரில் செயற்குழு கூடியபோது அவளே புதாபெஸ்டுக்குப் போனாள். தடை வேண்டும், அதில் தனக்கு மாற்றுக் கருத்து இல்லை என்றாள். ஆனால் பயிர் தோள் உயரம் வளர்ந்தபிறகு ஏன் சோதிக்கிறோம், மூட்டை கடையை விட்டு வெளியே வருவதற்கு முன்னால் ஏன் சோதிக்கக் கூடாது என்று கேட்டாள். தானும் அதைப் பற்றி இத்தனை வருஷம் யோசிக்கவில்லை, தன் காடு போகும் என்று நினைக்காததால்தான் யோசிக்கவில்லை என்றும் சொன்னாள். யாரும் மறுத்துப் பேசவில்லை. தீர்மானம் எழுதினார்கள். விதை விற்றவர்கள் மீது அவள் போட்ட வழக்கு நீதிமன்றத்தில் தவணைமேல் தவணையாகப் போய்க்கொண்டிருந்தது.

அவள் எதிர்பாராதது வேறு ஒன்று. பேர் பத்திரிகையில் வந்த மறுநாளிலிருந்தே தெரியாத ஊர்களிலிருந்து தொலைபேசி வர ஆரம்பித்தது. அவளைப் போலவே உத்தரவு வாங்கியவர்கள். சிலர் திட்டினார்கள், உன்னால் வந்த சட்டம்தானே இது என்றார்கள். அவள் ஆமாம் என்றாள். சிலர் ஒன்றும் பேசாமல் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தார்கள். பாரன்யா பக்கத்திலிருந்து ஒரு பெண், கணவன் மருத்துவமனையில் இருக்கிறான், நாளைக் காலை உழ வேண்டும் என்றாள்.

"நீங்களே ஓட்டினீங்களாமே அக்கா. எப்படி முடிஞ்சுது?"

பிரோஷ்கா யோசித்துப் பார்த்தாள். "தெரியலம்மா. முதல் சால் ஓட்டும்போது முடியாதுன்னுதான் நெனச்சேன். கடைசிச் சால்லயும் அப்படித்தான் நெனச்சேன்." பிறகு கேட்டாள், "நான் வரட்டுமா?"

பிரோஷ்கா பென்சிலை எடுத்து, ஊருக்கு எந்த வழியாக வர வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டாள்.

அந்தக் கோடையில் அவள் அப்படி ஒன்பது காடுகளுக்குப் போனாள். இரண்டில் அவளே டிராக்டர் ஓட்டினாள்.