வளைவுள்ள பின்சந்து

லிட்டில் இந்தியாவில் நானும் தங்கையும் ஒரு சின்னத் தையல் கடை வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கடையைத் திறந்தால், முன்னால் நடைபாதையில் தோளோடு தோள் உரசாமல் நடக்க முடியாது. பின்கதவுக்கு அந்தப் பக்கமோ ஆளே இருக்காது. இரண்டு வரிசைக் கடைகள் முதுகைக் காட்டி நிற்கும் சந்து அது. நடுவில் ஒரு வளைவு. அங்கே நின்றால் எந்தச் சாலையும் தெரியாது, சாலையில் போகிறவர்களுக்கும் அந்த இடம் தெரியாது. முன்னால் தொடங்கும் வாய்த்தகராறு கைகலப்பாவது அங்கேதான். சத்தம் கேட்டால் தங்கை வானொலியைக் கூட்டி வைப்பாள்.

ஒரு ஞாயிறு மத்தியானம் பின்கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள்.

"கதவத் திறங்க! யாராவது கதவத் திறங்க!"

தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்லா. யாருன்னே தெரியாது."

திறந்தேன். நெற்றியிலிருந்து ரத்தம் வழிய ஒருவர் உள்ளே விழுந்தார். அவருக்குப் பின்னால் இருவர். ஒருவன் கையில் மரக்கட்டை. என்னைப் பார்த்ததும் மற்றவன் ஓடிவிட்டான். கட்டை வைத்திருந்தவன் அதைப் போட்டுவிட்டு, ஓடாமல், சாதாரணமாக நடந்து போனான். அந்த நடையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

அடிபட்டவர் ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். நல்ல போன் மலிவாக இருக்கிறது, பின்னால் வந்து பாருங்கள் என்று சொல்லிக் கூட்டிப்போய், பையைப் பிடுங்கப் பார்த்திருக்கிறார்கள். லைனிங் துணியை மடித்துக் காயத்தில் அழுத்திப் பிடித்தாள் தங்கை.

"முன்னாடி எவ்வளவு ஜனம்க்கா! திரும்பினா ஒருத்தர்கூட இல்ல," என்றார் அவர்.

ஆம்புலன்ஸ் போன பிறகு, விசாரிக்க வந்த போலீஸ்காரர் வளைவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். "திரும்பத் திரும்ப இங்கதான்லா. ரோட்லேர்ந்து ஒண்ணும் தெரியாது."

அடுத்த ஞாயிறு முதல் பின்வாசலில் கம்பிக்கதவை மட்டும் பூட்டி, சந்து தெரியும்படி மரக்கதவைத் திறந்து வைத்தோம். என் தையல் மெஷினை அந்த வாசலருகே நகர்த்தினேன். பக்கத்துச் சாப்பாட்டுக் கடை பாயிடமும் பின்கதவைத் திறந்து வைக்கும்படி கேட்டேன்.

"எலி வருமேம்மா," என்று தயங்கினார். பிறகு காய் நறுக்குகிறவர்களைப் பின்வாசலில் உட்கார வைத்து, ஒரு விளக்கும் போட்டார். சந்தில் பேச்சும் பாட்டும் வந்தன. அடிதடி நின்றது.

எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. செருப்புச் சத்தம் கேட்டாலே தலை தூக்கினேன். தையல் கோணிக்கொண்டு போனது, பிரித்துப் பிரித்துத் தைத்தேன்.

"நீ தைக்கிறியா, காவல் காக்கிறியா?" என்றாள் தங்கை.

சில மாதம் கழித்து, அடுத்த தெருவில் முடி திருத்தும் கடை வைத்திருக்கும் பெண் ரவிக்கை வாங்க வந்தாள்.

"எங்க பின்னாடி இப்ப ஒரே சண்டைக்கா. முன்னெல்லாம் இப்படி இல்ல. போன வாரம் ஒருத்தரக் கத்தியால கிழிச்சுட்டாங்க."

நாங்கள்தான் இங்கிருந்து விரட்டி அங்கே அனுப்பினோமா? அன்று கடையை அடைத்ததும், பிடோக்கில் இருக்கும் வீட்டுக்கு ரயிலேறாமல் அவளோடு போனேன். அவள் கடைக்குப் பின்னாலும் ஒரு சந்து. கடைசியில் கார்நிறுத்தத்தின் உயரமான சுவர், வெளியேற வழி கிடையாது.

"உங்க பின்கதவத் திறந்து வைங்கன்னு சொல்லலாம்னு வந்தேன்," என்றேன்.

"கதவே இல்லையேக்கா."

உண்மைதான். ஏர்கான் பெட்டிகள் தொங்கும் வெறும் சுவர்கள். அந்தத் தெருக் கடைக்காரர்களிடம் அவளும் நானும் சேர்ந்து பேசினோம். கட்டட உரிமையாளர்கள் ஒப்புக்கொள்ள வெகுநாள் ஆயிற்று. கடைசியில் சந்து முகப்பில் இரும்புக் கேட் போட்டார்கள்.

"இப்பதான் நிம்மதிக்கா," என்று சொல்ல அவளே வந்தாள்.

"அந்தக் கார்நிறுத்தத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"தெரியலையே. நான் போனதில்ல."

கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழுந்தேன். "எங்க போற?" என்றாள் தங்கை. "சும்மா பாத்துட்டு வரேன்" என்று சொல்லிச் செருப்பை மாட்டினேன்.